செங்கோலும் ஆயர்கோலும்: சாக்சனி அரச மரபின் எழுச்சியும் திருச்சபையும்

திருச்சபை வரலாறு பயிலும் மாணவர் எவரும் 1077ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கனோசாக் கோட்டை வாயிலில் பனியில் நின்ற நான்காம் ஹென்றியை அறிவர். போப்பு ஏழாம் கிரெகோரியார் விதித்த சபைவிலக்கத்தினின்று விடுதலை வேண்டி ஜெர்மானிய மன்னன் ஒருவன் மன்னிப்புக் கோரி நின்ற அந்நிகழ்ச்சி நம் பாடநூல்களில் தவறாது இடம்பெறுகின்றது. பேராயர்களுக்கு ஆயர்கோலையும் மோதிரத்தையும் அளித்துப் பதவியில் அமர்த்தும் உரிமை யாருக்குரியது என்பதே அக்காலப் பூசலின் உயிர்நாடி என்றும் நாம் கற்பிக்கின்றோம். ஆயினும் அந்த ஆயர்கோல் அரசன் கைக்கு முதலில் எவ்வாறு சென்றது என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். அரசன் அதனைப் பறித்துக்கொண்டானா? அன்றித் திருச்சபையே அதனை அவன் கையில் வைத்ததா? இதற்கு விடை காண வேண்டுமாயின், கனோசாவுக்கு ஒன்றரை நூற்றாண்டு பின்னே சென்று, சாக்சனி நாட்டுக் குடும்பம் ஒன்று அரச மரபாக உயர்ந்த வரலாற்றை நாம் ஆராய வேண்டும்.

வாளினால் திருமுழுக்குப் பெற்ற மக்கள்

சாக்சானியர் மனமுவந்து கிறிஸ்தவரானவர் அல்லர். பிராங்கிய மன்னனாகிய சார்லமேன் 772 முதல் 804 வரை முப்பதாண்டுகளுக்கு மேலாக அவர்களோடு போரிட்டான். 782ஆம் ஆண்டில் வெர்டன் என்னுமிடத்தில் 4,500 சாக்சானியர் கொல்லப்பட்டதாகப் பிராங்கிய அரசவைக் குறிப்புகள் கூறுகின்றன. திருமுழுக்குப் பெற மறுத்து ஒளிந்திருப்போருக்கு மரண தண்டனை என்று சட்டம் இயற்றப்பட்டது. எதிர்ப்பை முன்னின்று நடத்திய விதுக்கிந்த் 785இல் அத்திக்னி அரண்மனையில் திருமுழுக்குப் பெற்றான். அக்காலத்தின் பேரறிஞரான அல்குயின், போதனைக்கு முன்னரே தசமபாகம் தண்டியதுதான் சாக்சானியரின் விசுவாசத்தைக் கெடுத்தது என்று மனம் நொந்து எழுதினார். இக்கூற்றை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வேறோர் இனத்தாரின் நாட்டில் இது மீண்டும் மெய்யாயிற்று.

வியப்புக்குரியது யாதெனில், வாளால் அடக்கப்பட்ட இம்மக்களிடையே ஒரு தலைமுறைக்குள் பற்றுறுதியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் தோன்றின என்பதே. அவற்றுள் ஒன்று லியுதோல்ப் என்பவனின் குடும்பம். அவனும் அவன் மனைவி ஓதாவும் ரோமாபுரிக்குத் திருப்பயணம் சென்று திரும்பினர். 852ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவிய கன்னியர் மடமே பின்னாளில் காண்டர்ஸ்ஹைமில் நிலைபெற்றுப் புகழடைந்தது. அவர்களுடைய புதல்வியர் மூவர் அடுத்தடுத்து அம்மடத்தின் தலைவியராயினர். குடும்பத்தின் சொத்து, மூதாதையரின் நினைவு, மன்றாட்டு ஆகிய மூன்றும் ஒரே மதிலுக்குள் காக்கப்பட்டன. லியுதோல்பின் பேரனாகிய ஹென்றி 909இல் மணந்த மத்தில்தா, சார்லமேனை எதிர்த்த அதே விதுக்கிந்தின் வழிவந்தவள். வென்றோரின் சமயமும் தோற்றோரின் குருதியும் இவ்வாறு ஓர் இல்லத்தில் இணைந்தன.

சிதறிய நாடு

843ஆம் ஆண்டு வெர்டூன் உடன்படிக்கையால் சார்லமேனின் பேரரசு அவனுடைய பேரர் மூவரிடையே பங்கிடப்பட்டது. கிழக்குப் பகுதியே பின்னர் ஜெர்மனி எனப் பெயர் பெற்றது. நாம் பேசும் காலத்து மன்னர் எவரும் தம்மை 'ஜெர்மானிய மன்னன்' என்று அழைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பிராங்கியரின் அரசுக்கு உரிமையாளராகவே தம்மைக் கருதினர். வசதி கருதியே நாம் அப்பெயரை ஆள்கின்றோம்.

900ஆம் ஆண்டில் ஆறு வயதுச் சிறுவனாகிய லூயி அரியணை ஏறினான். அதே காலத்தில் மகியார் என்னும் குதிரைப் படையினர் கிழக்கிலிருந்து ஆண்டுதோறும் படையெடுத்து வந்தனர். 907இல் பிரெஸ்புர்க் அருகே பவேரியப் படை முற்றும் அழிந்தது. வீழ்ந்தோருள் சால்ஸ்புர்க் தலைமைப் பேராயரும் ஒருவர். மைய அரசு காக்க இயலாத மக்களை அந்தந்தப் பகுதித் தலைவர்களே காத்தனர். சாக்சனி, பிராங்கோனியா, பவேரியா, ஸ்வாபியா, லொத்தரிங்கியா ஆகிய நாடுகளில் கோமகன்கள் மன்னரைப் போலவே ஆளத் தொடங்கினர். 911இல் லூயி வாரிசின்றி இறந்தான்.

அடுத்து மன்னனாகத் தெரிந்துகொள்ளப்பட்ட பிராங்கோனியாவின் கொன்ராடு, பேராயர்களின் துணைகொண்டு கோமகன்களை அடக்க முயன்றான். 916இல் ஹோகனால்த்தைமில் கூடிய சங்கம், கர்த்தரால் அபிஷேகம் பெற்றவனை எதிர்ப்போருக்குச் சபைவிலக்கமும் தண்டனையும் அறிவித்தது. ஆயினும் கோமகன்கள் பணியவில்லை. 918இல் தோல்வியுற்ற நிலையில் கொன்ராடு இறந்தான். இறக்குமுன், அரச சின்னங்களைத் தன் பகைவனான சாக்சனி ஹென்றியிடம் ஒப்படைக்குமாறு தன் சகோதரன் எபெர்ஹார்டைப் பணித்தான் என்று கோர்வை மடத்துத் துறவி எழுதிய வரலாறு கூறுகின்றது. இத்துறவியின் பெயரும் விதுக்கிந்த் என்பதே. அவர் எழுதியது 968ஆம் ஆண்டையொட்டி. நிகழ்ச்சிக்கு அரை நூற்றாண்டு பின்னர், சாக்சனி மரபின் பெருமை உச்சியில் நின்ற காலத்தில். ஆகவே அவர் கூற்றைப் பயன்படுத்துகையில் நாம் எச்சரிக்கையோடிருத்தல் வேண்டும்.

அபிஷேகத்தை ஏற்காத மன்னன்

919ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்ஸ்லாரில் பிராங்கியரும் சாக்சானியரும் கூடி ஹென்றியை மன்னனாக அறிவித்தனர். மைன்ஸ் நகரத் தலைமைப் பேராயர் ஹெரிகர் அவனுக்கு அபிஷேகமும் முடியும் அளிக்க முன்வந்தார். மன்னன் என்னும் பெயரே தனக்குப் போதும். அபிஷேகமும் முடியும் தன்னிலும் தகுதியுள்ளோருக்கு உரியவை என்று கூறி ஹென்றி மறுத்துவிட்டான் என விதுக்கிந்த் எழுதுகின்றார். அவர் இதனைத் தாழ்மையாகக் கருதிப் போற்றுகின்றார். குருமார் அனைவரும் அவ்வாறு கருதவில்லை. அவுக்ஸ்புர்க் பேராயர் உல்ரிக்கின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு தரிசனம் சொல்லப்படுகின்றது. அதில் புனித பேதுரு இரண்டு வாள்களைக் காட்டுகின்றார். ஒன்றுக்குக் கைப்பிடி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. கைப்பிடியில்லாத வாள் அபிஷேகம் பெறாத மன்னனைக் குறிக்குமாம்.

ஹென்றியின் உள்நோக்கத்தை நாம் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் அவன் நடந்துகொண்ட முறை தெளிவாகவே உள்ளது. பேராயர்களைச் சார்ந்து கோமகன்களோடு மோதிய கொன்ராடின் வழியை அவன் பின்பற்றவில்லை. நட்பு உடன்படிக்கைகளால் அவர்களை இணைத்துக்கொண்டான். ஸ்வாபியாவின் புர்க்கார்டு 919இலும், பவேரியாவின் அர்னுல்ப் 921இலும் அவனை மன்னனாக ஏற்றனர். அர்னுல்போடு செய்துகொண்ட உடன்பாட்டில் ஹென்றி விட்டுக்கொடுத்தது யாது? பவேரியாவின் பேராயர்களை நியமிக்கும் உரிமையே. அபிஷேகத்தை ஏற்காத மன்னனும், பேராயர் பதவியைப் பேரம் பேசக்கூடிய பொருளாகவே கருதினான் என்பது இதனால் விளங்கும். 925இல் லொத்தரிங்கியாவும் அவன் வசமாயிற்று.

926இல் மகியார் தலைவன் ஒருவன் சிறைப்பட்டபோது, அவனை விடுவித்து, ஆண்டுதோறும் திறை செலுத்த ஒப்பி, ஒன்பதாண்டுப் போர்நிறுத்தம் பெற்றான் ஹென்றி. அக்கால இடைவெளியில் அரண்கள் எழுப்பப்பட்டன. ஒன்பது பேருக்கு ஒருவர் அரணில் தங்க, ஏனையோர் அவருக்காகவும் பயிரிட்டுத் தானியம் சேர்க்க ஏற்பாடாயிற்று. பின்னர்த் திறையை நிறுத்தி, 933ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ரியாடே என்னுமிடத்தில் மகியாரை அவன் புறங்கண்டான்.

இவ்வெற்றிகளைவிட அரச மரபின் எழுச்சிக்குக் காரணமாயிருந்தது வேறொன்று. பிராங்கிய மன்னர் நாட்டைத் தம் மைந்தரிடையே பங்கிடுவதே வழக்கம். ஹென்றி அவ்வழக்கத்தைக் கைவிட்டு, மத்தில்தாவிடம் பிறந்த மூத்த மகன் ஓட்டோ ஒருவனையே மன்னனாகக் குறித்தான். அவனுக்கு ஆங்கிலேய அரச குலத்து எடித் என்பவளை மணமுடித்தான். நாடு சிதறாமல் நின்றது. ஆனால் பங்கு கிடைக்காத மைந்தரின் மனக்கசப்பு குடும்பத்தினுள் குடிபுகுந்தது. 936 ஜூலை 2இல் மெம்லேபனில் ஹென்றி இறந்து குவேட்லின்புர்க்கில் அடக்கம் பண்ணப்பட்டான்.

உடன்பிறந்தோரின் கலகமும் பேராயர்களின் துணையும்

936 ஆகஸ்டு 7ஆம் நாள், சார்லமேன் கட்டிய ஆகன் நகர ஆலயத்தில் ஓட்டோ முடிசூடினான். தந்தை மறுத்த அபிஷேகத்தை மைந்தன் விரும்பி ஏற்றான். மைன்ஸ் தலைமைப் பேராயர் ஹில்டிபெர்ட் அவனுக்கு வாளும் செங்கோலும் அளித்து, கிறிஸ்துவின் பகைவரை அகற்றவும், விதவைகளுக்கும் திக்கற்றோருக்கும் இரக்கம் காட்டவும் அறிவுறுத்தினார். அன்றைய விருந்தில் கோமகன்கள் நால்வரும் பணியாளராக நின்று மன்னனுக்குப் பரிமாறினர்.

விருந்தின் இணக்கம் நீடிக்கவில்லை. 938இல் மாற்றாந்தாய் மகனாகிய தாங்க்மார் கலகம் செய்து, எரெஸ்புர்க் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்து, பலிபீடத்தினருகே கொல்லப்பட்டான். 939இல் உடன்பிறந்த தம்பி ஹென்றி, கோமகன்கள் எபெர்ஹார்டு, கிசெல்பெர்ட் ஆகியோருடன் சேர்ந்து போர்தொடுத்தான். கோமகன் இருவரும் அந்தர்நாக் அருகே மடிந்தனர். 941இல் குவேட்லின்புர்க்கில் உயிர்த்தெழுந்த திருநாளன்றே அண்ணனைக் கொல்லத் தம்பி சதி செய்தான். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளில் மன்னிக்கப்பட்டான். 953இல் ஓட்டோவின் சொந்த மகன் லியுதோல்பும், மருமகன் செங்கொன்ராடும் எழுந்தனர். உறவினரைக் கோமகன்களாக்கி நாட்டை ஆளலாம் என்னும் நம்பிக்கை மும்முறை பொய்த்துப்போயிற்று.

இந்நிலையில்தான் மன்னனின் பார்வை திருச்சபையின்மீது ஊன்றியது. காரணங்கள் வெளிப்படையானவை. கோமகன் இறந்தால் அவன் மகன் பதவியைக் கோருவான். பேராயருக்குச் சட்டப்படியான வாரிசு இல்லை, எனவே அவர் இறந்ததும் பதவி மீண்டும் மன்னன் கைக்கு வரும். பேராயர் எழுதப் படிக்க வல்லவர். அரண்மனைச் சிற்றாலயக் குருமாருள் ஒருவராகப் பல்லாண்டு பணியாற்றி மன்னனின் மனமறிந்தவர். ஆகவே மன்னர் பேராயங்களுக்கும் மடங்களுக்கும் நிலங்களையும், சந்தை, சுங்கம், நாணய அச்சடிப்பு ஆகிய உரிமைகளையும், காலப்போக்கில் முழு மாவட்டங்களின் ஆட்சியையுமே வழங்கினர். கைம்மாறாகப் பேராயர் மன்னனின் பரிவாரத்துக்கு உணவும் உறைவிடமும், போர்க்காலத்தில் படைவீரரையும் அளித்தனர். புதிய பேராயர் மன்னன் கையிலிருந்து ஆயர்கோலைப் பெற்றார். மோதிரமும் அளிக்கும் வழக்கம் பின்னர், மூன்றாம் ஹென்றி காலத்தில் சேர்ந்தது.

முற்காலத்து வரலாற்றாசிரியர் இதனை முன்கூட்டியே வகுத்த திட்டமாகக் காட்டினர். அண்மைக்கால ஆய்வாளர் அவ்வாறு கருதுவதில்லை. பிற நாட்டு மன்னரும் இவ்வாறே செய்தனர் என்றும், தேவைக்கேற்ப வழக்கம் சிறிது சிறிதாக வளர்ந்தது என்றும் காட்டியுள்ளனர். இத்திருத்தம் ஏற்கத்தக்கது. அதனால் படிப்பினை குறையவில்லை, கூடுகின்றது. ஒருவரும் திட்டமிடாமலே, ஒவ்வொரு நன்கொடையாக, ஒவ்வோர் உதவியாகத் திருச்சபை தன்னைப் பிணைத்துக்கொண்டது.

குடும்பத்தினுள் எழுந்த இரு குரல்கள்

இம்முறையின் சிறந்த வடிவத்தை ஓட்டோவின் இளைய சகோதரர் புரூனோவிடம் காண்கின்றோம். இளமையிலேயே குருத்துவத்துக்கென ஒப்படைக்கப்பட்ட இவர் கல்வியில் சிறந்தவர். 940 முதல் அரசவைச் செயலர். 953ஆம் ஆண்டுக் கலகத்தின் நடுவே கொலோன் நகரத் தலைமைப் பேராயராகி, லொத்தரிங்கியாவின் ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றார். ஆத்தும பாரத்தை ஏற்ற ஒருவர் போர்த்தொழிலில் ஈடுபடலாமா என்று அக்காலத்திலேயே சிலர் கேட்டனர். அவர் வரலாற்றை எழுதிய ருவோட்கர் அக்கேள்வியை மறைக்கவில்லை. நாட்டில் அமைதி உண்டாயிற்று, ஆலயங்கள் செழித்தன, ஏழைகள் காக்கப்பட்டனர். பயனைப் பார்த்துத் தீர்ப்புச் செய்யுங்கள் என்பதே அவர் விடையின் சாரம். இது எளிதில் தள்ளிவிடத்தக்க விடையன்று. 955ஆம் ஆண்டில் மகியார் அவுக்ஸ்புர்க்கை முற்றுகையிட்டபோது, பேராயர் உல்ரிக் மதிலுக்குள் மக்களைத் திடப்படுத்தி நகரைக் காத்திராவிடில், ஆகஸ்டு 10ஆம் நாள் லெக் சமவெளியில் ஓட்டோ பெற்ற பெருவெற்றி கிட்டியிருக்குமா என்பது ஐயமே.

மற்றொரு குரலும் அதே குடும்பத்தினின்று எழுந்தது. ஓட்டோவுக்குச் சிலாவியப் பெண் ஒருத்தியிடம் பிறந்த மகன் வில்லெல்ம், 954இல் மைன்ஸ் தலைமைப் பேராயரானார். மறு ஆண்டே அவர் போப்பு இரண்டாம் அகாபேத்துக்கு ஒரு மடல் வரைந்தார். எல்பு ஆற்றங்கரையில் மக்தபுர்க் நகரைத் தலைமைப் பேராயமாக்க ஓட்டோ வகுத்த திட்டம் தம் அதிகாரத்தைக் குறைக்கும் என்பது அவர் முறையீடு. அதனோடு நில்லாமல் அவர் மேலும் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: கோமகன் பேராயரின் பணியைத் தனதாக்கிக்கொள்கின்றான், பேராயரோ கோமகனின் பணியைத் தமதாக்கிக்கொள்கின்றார். தம் சிறிய தந்தையாராகிய புரூனோவையும் மனத்தில் கொண்டே இதனை எழுதினார் எனக் கருதப்படுகின்றது.

மன்னனின் மகனே, மன்னனின் தயவால் பதவி பெற்றவரே, நோயின் பெயரை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆயினும் பின்னர் நடந்தது யாது? சில ஆண்டுகளில் வில்லெல்ம் தந்தையின் திட்டத்துக்கு இசைந்தார். ஓட்டோ இத்தாலியில் இருந்த காலத்தில் இளவரசனைப் பேணி, நாட்டு நிருவாகத்தையும் தாமே நடத்தினார். தாம் கண்டித்த இரட்டைப் பணியைத் தாமே சுமந்து 968இல் காலமானார். ஹால்பர்ஸ்டாட் பேராயர் பெர்ன்ஹார்டு மட்டும் தம் இறுதிவரை மக்தபுர்க் திட்டத்துக்கு இசையவில்லை. இருவரும் அவ்வாண்டில் மறைந்த பின்னரே மக்தபுர்க் தலைமைப் பேராயமாயிற்று. வில்லெல்மைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. தீமையைக் கண்டறிவது வேறு, அதனின்று விலகி நிற்பது வேறு என்பதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகின்றது.

சிலுவையும் திறையும்

இப்பிணைப்பின் விலையை முதலில் செலுத்தியது நற்செய்திப் பணியே. எல்பு ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த சிலாவியர் நடுவே பிராண்டன்புர்க், ஹாவெல்பெர்க் முதலிய பேராயங்கள் நிறுவப்பட்டன. மக்தபுர்க்கின் முதல் தலைமைப் பேராயரான அடால்பெர்ட், முன்னர்க் கீவ் நாட்டரசி ஓல்காவின் வேண்டுகோளின்பேரில் அங்கு நற்செய்திப் பணிக்கு அனுப்பப்பட்டவர். நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சிலாவியர் கண்ட கிறிஸ்தவம் யாது? லெக் வெற்றி நிகழ்ந்த அதே 955ஆம் ஆண்டு அக்டோபரில், ரெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் சிலாவியர் தோற்றனர். அவர்கள் தலைவனின் தலை களத்தில் நாட்டப்பட்டு, அதனைச் சுற்றிச் சிறைப்பட்டோர் 700 பேர் தலை வெட்டப்பட்டனர் என்று விதுக்கிந்த் தயக்கமின்றி எழுதுகின்றார். திறை தண்டுவோனும் தசமபாகம் தண்டுவோனும் ஒரே வழியில் வந்தனர்.

பேராயர்களின் மனமும் திருப்பணியில் நிலைக்கவில்லை. 981இல் மெர்செபுர்க் பேராயர் கிசிலர், மக்தபுர்க்கின் உயர் பதவியை அடைவதற்காகத் தம் பேராயத்தையே கலைக்க உடன்பட்டார். 1004இல்தான் அது மீண்டும் நிறுவப்பட்டது. அதே 981ஆம் ஆண்டையொட்டி இரண்டாம் ஓட்டோ இத்தாலியப் போருக்கு வீரர் கோரி அனுப்பிய பட்டியல் ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. கவசமணிந்த குதிரை வீரர் இரண்டாயிரம் பேரளவில் கேட்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியை அனுப்ப வேண்டியவர் பேராயரும் மடத்தலைவருமே. மைன்ஸ், கொலோன், ஸ்ட்ராஸ்புர்க், அவுக்ஸ்புர்க் ஆகியவற்றின் பங்கு ஒவ்வொன்றுக்கும் 100 வீரர். 982இல் தென் இத்தாலியில் அப்படை அராபியரிடம் தோற்றழிந்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் சிலாவியர் கிளர்ந்தெழுந்து ஹாவெல்பெர்க்கையும் பிராண்டன்புர்க்கையும் தாக்கி அழித்தனர். அப்பேராயர்கள் ஒன்றரை நூற்றாண்டளவும் பெயரளவிலேயே இருந்தனர். அரசின் வாளோடு சென்ற திருப்பணி, அவ்வாள் முறிந்தபோது தானும் வீழ்ந்தது. அல்குயின் சாக்சானியரைக் குறித்துச் சொன்னது, சாக்சானியர் ஆண்ட மக்களிடம் மெய்யாயிற்று.

ரோமாபுரியும் கனோசாவும்

சாக்சனி மரபின் உயர்வு ரோமாபுரியில் நிறைவு பெற்றது. 962 பெப்ருவரி 2ஆம் நாள் போப்பு பன்னிரண்டாம் யோவான் ஓட்டோவுக்குப் பேரரசன் முடி சூட்டினார். மறு ஆண்டிலேயே இருவருக்கும் பகை மூண்டது. பேரரசன் கூட்டிய சங்கம் போப்பைப் பதவி நீக்கி, அதுவரை குருவாகாத ஒருவரை எட்டாம் லேயோவாக அமர்த்தியது. பன்னிரண்டாம் யோவானின் ஒழுக்கம் கண்டிக்கத்தக்கதாகவே இருந்தது. ஆயினும் சீர்திருத்தம் அரச ஆணையால் வந்தது. இனிப் பேரரசனின் இசைவின்றிப் போப்பைத் தெரிந்துகொள்வதில்லை என்று ரோமர் ஆணையிட வேண்டியதாயிற்று. ஓட்டோவின் பேரனாகிய மூன்றாம் ஓட்டோ, 996இல் தன் உறவினரையும், 999இல் தன் ஆசிரியரையும் போப்புகளாக்கினான்.

1024இல் இரண்டாம் ஹென்றி மகப்பேறின்றி இறந்தபோது நேர் ஆண்வழி முடிவுற்றது. ஓட்டோவின் மகள் வழிவந்த சாலியர் அரசேற்று, திருச்சபையின்மீதிருந்த பிடியையும் மரபுரிமையாகப் பெற்றனர். 1046இல் சூத்ரி சங்கத்தின்வழி மூன்றாம் ஹென்றி, போட்டியிட்ட போப்புகளை அகற்றித் தகுதியுள்ளோரை அமர்த்தினான். அத்தகுதியுள்ளோர் வளர்த்த சீர்திருத்த இயக்கமே, பதவி அளிக்கும் உரிமை அரசனுக்கு இல்லை என்று முப்பதாண்டுகளில் முழங்கியது. 1076 ஜனவரியில் வோர்ம்ஸ் நகரில் கூடிய ஜெர்மானியப் பேராயர்கள் மன்னன் விருப்பப்படி கிரெகோரியாருக்குக் கீழ்ப்படிய மறுத்தனர். சபைவிலக்கம் வந்தவுடன் பலர் மன்னனையும் கைவிட்டனர். இரு தலைவருக்கு ஊழியம் செய்தோரின் தடுமாற்றத்தை இங்கே காண்கின்றோம். அடுத்த ஆண்டுதான் கனோசா. 1122ஆம் ஆண்டு வோர்ம்ஸ் உடன்படிக்கையில் பேரரசன் மோதிரத்தையும் ஆயர்கோலையும் விட்டுக்கொடுத்தான். நிலங்களையும் ஆட்சியுரிமைகளையும் செங்கோலால் தொட்டு அளிக்கும் உரிமையை வைத்துக்கொண்டான்.

சின்னங்கள் பிரிக்கப்பட்டன; பதவிகள் பிரியவில்லை. பேராயர் நிலக்கிழாராகவும் இளவரசராகவும் நீடித்தார். ஒருவரே மக்தபுர்க், மைன்ஸ் ஆகிய இரு தலைமைப் பேராயங்களையும் 1514 முதல் வகிக்கவும், அதற்காகப் பட்ட கடனைப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையால் தீர்க்கவும் முடிந்தது. பிராண்டன்புர்க் குலத்து அல்பிரெக்டாகிய அவருக்குத்தான் 1517 அக்டோபர் 31இல் லுத்தர் தம் மடலை அனுப்பினார். வில்லெல்மின் மைன்ஸும் அவர் எதிர்த்த மக்தபுர்க்கும் ஒருவர் கையில் சேர்ந்தபோது, அம்மடலின் பழைய முறையீட்டுக்குப் புதிய மறுமொழி பிறந்தது.

நமக்குரிய சிந்தனை

சீர்திருத்தச் சபையினராகிய நாம் இதனைப் பிறர் குற்றமாகக் கருதிக் கடந்துவிட இயலாது. பேராயர் அகன்ற இடத்தில், ஜெர்மானிய லுத்தரன் சபைகளில், நாட்டு மன்னர் திருச்சபையின் தலைவராயினர். 1918இல் முடியாட்சி வீழும்வரை அம்முறை நீடித்தது. நம் நாட்டுத் திருச்சபையின் தொடக்கமும் இதனோடு தொடர்பற்றதன்று. தரங்கம்பாடிப் பணியைத் தாங்கிய ஹாலே நகர், அதன் உப்புக் கிணறுகளோடு 961இல் ஓட்டோவால் மக்தபுர்க் மடத்துக்குக் கொடையாக அளிக்கப்பட்ட நிலத்தைச் சார்ந்தது. சீகன்பால்கு ஐயர் 1706இல் டென்மார்க்கு மன்னனின் ஆணையோடு வந்தார். அம்மன்னனின் தரங்கம்பாடித் தளபதியாலேயே 1708-1709இல் ஏறத்தாழ நான்கு திங்கள் சிறையிருந்தார். மன்னனின் முத்திரை அவருக்கு வாயிலைத் திறந்தது; அது அவரை மன்னனின் ஊழியராக்கிவிடவில்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அவர் சிறையில் காத்துக்கொண்டார்.

நாம் எழுப்பிய வினாவுக்கு வரலாறு தரும் விடை இதுவே. அரசன் ஆயர்கோலைப் பறிக்கவில்லை. நாட்டின் அமைதிக்காகவும், ஆலயங்களின் நலனுக்காகவும், ஏழைகளின் பாதுகாப்புக்காகவும், நல்லோர் பலர் நல்ல காரணங்களோடு அதனை அவன் கையில் வைத்தனர். வைத்தவர்களால் அதனைத் திரும்பப் பெற முடியவில்லை. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளும், ஒரு பெரும் பூசலும் வேண்டியிருந்தன. கொடையாக வரும் நிலமும், பதவியும், பாதுகாப்பும், வெளிநாட்டு உதவியும், ஆளுவோரின் நட்பும் தம்மளவில் தீயவை அல்ல. அவற்றை ஏற்கும் நாளில் கைம்மாறாக நாம் அளிப்பது யாது என்று கேட்க வேண்டியது குருத்துவப் பொறுப்பேற்றோரின் கடமை. அக்கேள்வியைக் கேட்கத் துணிந்தவராக வில்லெல்மை நாம் மதிக்கின்றோம். கேட்ட பின்னர் எழுந்து நிற்கும் துணிவையும் நம் இறையியல் கல்லூரிகளில் உருவாகும் இளம் ஊழியருக்கு ஆண்டவர் அருள்வாராக.